ஒட்டகம் உஷ்ணத்தையும் குளிரையும் தாங்கும் விதம்

ஒட்டகம் தன் திமிலில் ஜலத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இது தவறான அபிப்பிராயம். திமிலில் இருப்பது கொழுப்பேயன்றி ஜலமன்று. தீவனம் கிடைக்காத நாட்களில் அக்கொழுப்பு கரைந்து ஆகாரமாக உதவுகிறது. அப்படியாயின், அப்பிராணி கோடையில் பல நாட்கள் தண்ணீரின்றி உயிர் வாழ்வது எங்ஙனம்? அதிகமாகச் சேர்த்து வைப்பதனாலன்று. தேகத்திலுள்ள ஜலத்தைக் குறைவாகச் செலவிடுவதனாலேயாகும்.

1953-54ஆம் ஆண்டுகளில் நட் ஷ்மிட்-நீல்சன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் சகாரா பாலைவனத்தில், அல்ஜீரியா தேசத்திலுள்ள பெனி அப்பெஸ் என்னும் ஊரில் தங்கி இதனை அளந்தறிந்தனர். அவர்கள் கண்டவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

1. தேக உஷ்ணம்: மனிதனுடைய தேக உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் சுமார் 98 டிகிரி. அது சற்று ஏறினாலும் வியர்வை பெருகி ஜலம் செலவாகிறது. தண்ணீர் கிடையாத ஒட்டகத்தின் தேக உஷ்ணமோ விடியற்காலையில் 93 டிகிரி வரை தாழ்ந்து, பிற்பகலில் 105 டிகிரி வரை ஏறுகிறது. அந்த எல்லையை எட்டும் வரையில் அது அதிகமாக வியர்ப்பதில்லை. பகலில் தேகத்தில் தங்கிய உஷ்ணம் குளிர்ந்த இராத்திரியில் தானே வெளியேறிவிடுகிறது. இவ்விதம் பெரிய ஒட்டகமொன்று நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் ஜலத்தை மிச்சப்படுத்துகிறது.

2. ரோமம்: ரோமம் கத்தரிக்கப்பட்ட ஒட்டகம், மற்றதைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஜலத்தை இழந்தது. கனமாக வேய்ந்த கூரை வீட்டினுள் வெயிலை விடாததுபோல், அடர்ந்த ரோமம் உஷ்ணம் தோலை எட்டாதபடி தடுக்கிறது.

3. தாகம்: கடும் வெப்பத்தில் மனிதன் தன் எடையில் நூற்றுக்கு 12 பங்கு அளவு ஜலத்தை இழந்தால் இரத்தம் கெட்டியாகி உயிருக்கு அபாயம் நேரிடும். ஒட்டகமோ 25 பங்குக்கு மேல் இழந்தும் பிழைத்திருக்கிறது. அதன் இரத்தத்திலுள்ள ஜலம் எளிதில் குறைவதில்லை. பின்னர் தண்ணீரைக் கண்டதும், பத்து நிமிஷத்தில் சுமார் 100 லிட்டர் குடித்து, இழந்ததை ஈடு செய்துகொள்கிறது.

இனி, குளிரைத் தாங்கும் விதம். மங்கோலியாவிலும் சீனத்திலும் பரவியுள்ள கோபி பாலைவனத்தில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் வாழ்கின்றன. அங்கே குளிர்காலத்தில் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்குவதுண்டு. அக்காலத்தில் அவற்றின் உடலில் நீண்டு அடர்ந்த ரோமம் வளர்கிறது. வசந்த காலம் வந்ததும் அது கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடுகிறது.

இந்த அமைப்புகள் யாவும் ஒட்டகத்துக்குப் பிறப்பிலேயே அமைந்தவை, பழக்கத்தினால் வந்தவையல்ல. ஆதலால், “பழக்கினால் நம் மாடும் தாகம் பொறுக்கும்” என்று எண்ணுதல் கூடாது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. அதனாலேயே அது கோடையில் குட்டையை நாடுகிறது. உழவு மாடோ வேலை செய்யுந்தோறும் வியர்வையாலும் மூச்சாலும் ஜலத்தை இழக்கிறது. உச்சிப்பொழுதில் நிழலும், வேண்டிய மட்டும் தண்ணீரும் அளிக்காவிடில், முதலில் பாலும் உழைப்பும் குறையும்; பின்னர் உயிருக்கே கேடு விளையும். ஒட்டகத்தைப்போல் இருக்கும்படி நம் கால்நடைகளை வருத்துவது, அவற்றை வளர்ப்போருக்கே நஷ்டமாகும்.