சுற்றுலாவுக்கு முன் ஒரு கூத்து

கல்விச் சுற்றுலா என்றால் நம் மாணவர் சொல்வது பெங்களூர், மைசூர்தான். ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், என்றும் போகலாம். கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாரதக் கூத்தோ திருவிழாக் காலத்தில் மட்டுமே கிடைக்கும்.

திரௌபதியம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் அக்கதையே கூத்து. அருச்சுனன் தபசன்று வேடதாரி பாடியபடியே பனைமரம் ஏறி, எலுமிச்சம்பழங்களை வீசுவார். பிள்ளை வரம் வேண்டுவோர் மடியேந்தி நிற்பர். படுகளத்தன்று மண்ணால் வடித்துக் கிடத்திய துரியோதனனின் தொடையைப் பீமன் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள். பிறகு தீமிதி. மேடையும் ஊரும் ஒன்றாகிவிடும் இதைக் காணாமல் நாடக இலக்கணம் படிப்பது தேர்வுக்கு வேண்டுமானால் உதவும்!

ஆலையில் இரவுப்பணி பார்க்கும் இளைஞர் விடியவிடியக் கூத்துப் பார்க்க இயலாது. நமக்கு அத்தடை இல்லை. கொடியேற்ற நாளை விசாரித்து, சுற்றுலாவை அதற்குப்பின் வைத்துக்கொள்ளலாம்.