கணினியின் மயக்கமும் நினைவகத்தின் வேகமும்

கணினி திடீரென நின்று நீலத்திரை காட்டினால், பலரும் முதலில் குறை கூறுவது விண்டோஸையே. அதை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவர்; மறுநாளும் அதே நீலத்திரை! சில வேளைகளில் குற்றவாளி ‘ராம்’ எனப்படும் நினைவகமே. அதுவும் பழுதுற்ற ராம் அன்று. அளவுக்கு மீறி விரட்டப்படும் நல்ல ராம்.

தோழியரே, ராம் பெட்டியின்மேல் ‘டி.டி.ஆர்.5 – 6000’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு தடத்திலும் விநாடிக்கு 600 கோடி முறை தகவல் கைமாறும் என்பது இதன் பொருள். ஆனால் பொருத்தியவுடன் அது அவ்வேகத்தில் ஓடுவதில்லை. பெரும்பாலும் 4800 என்ற பொது வேகத்தில், 1.1 வோல்ட் மின்னழுத்தத்தில் ஓடும். 6000ஐ எட்ட, பயாஸ் பகுதியில் இன்டெலின் எக்ஸ்.எம்.பி. அல்லது ஏ.எம்.டி. 2022இல் கொணர்ந்த எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். அப்போது மின்னழுத்தமும் ஏறத்தாழ 1.35 வோல்ட் வரை உயரும்.

ராம் செய்தவர் தம் பொருளுக்குத்தான் உறுதி கூறுகிறார். அதனை ஆளும் பகுதியோ செயலிக்குள் இருக்கிறது. ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு அந்நிறுவனம் உறுதி கூறும் வேகம், இரண்டு ராம் பலகைகளுக்கு 5200. நான்கு பலகைகளுக்கு வெறும் 3600. பெட்டியின்மேல் இச்செய்தி இராது!

எனவே முதல் வேலை, பயாஸில் அவ்வமைப்பை நிறுத்திச் சில நாள் கணினியைப் பயன்படுத்திப் பார்ப்பது. பயாஸுக்குள்ளேயே நுழைய முடியாவிடில், தாய்ப்பலகைக் கையேட்டில் கூறியபடி ‘சிமாஸ்’ நினைவை அழித்தால் பழைய வேகம் திரும்பும். டி.டி.ஆர்.5 கணினிகள் இதன்பின் முதன்முறை இயங்கும்போது, திரை சில நிமிடங்கள் இருண்டிருக்கலாம். ராமைப் பழக்கப்படுத்தும் நேரம் அது. பதறி மின்சாரத்தை நிறுத்தலாகாது.

பொது வேகத்தில் மயக்கம் தீர்ந்தால் காரணம் விளங்கிவிட்டது. பயாஸைப் புதுப்பித்து, 6000க்குப் பதில் 5600 வைத்துப் பார்க்கலாம். தீராவிடில், ‘மெம்டெஸ்ட்86+’ என்னும் இலவசச் சோதனையை யு.எஸ்.பி. வழியே இரவு முழுதும் ஓட்டுக. ஒரே ஒரு பிழை தோன்றினாலும் தோல்விதான். பிறகு பலகைகளைத் தனித்தனியே சோதித்தால் பழுதானது அகப்படும்.

நீலத்திரையைவிட அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. கணினி நிற்காமலே ஓர் எண் மட்டும் பிறழலாம். அப்பிழையோடே கோப்பு வட்டில் பதிவாகிவிடும். நிழற்படமோ கணக்கேடோ கெட்டது, பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியவரும். ஆதலால் ஐயம் எழுந்தவுடன் வேகத்தைக் குறைத்துவிடுக. சோதனை முடியும்வரை, முன்பு எடுத்து வைத்த நகல்களின்மேல் புதியவற்றைப் பதியாதீர்கள்.