வெயிலில் வரும் வெள்ளம்

மாணவர்களே! நாடுகாணியில் நீங்கள் குடை பிடித்து நிற்கும்போது, கீழே நிலம்பூரில் வெயில் காயலாம். ஆனால் அந்த மழைநீர் பாண்டியாறு-புன்னம்புழா வழியே இறங்கிச் சாலியாற்றுக்குத்தான் போகிறது. ஆகவே அங்கே படகு விடுவோர் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தால் போதாது. மலையில் பெய்த மழையையும் விசாரிக்க வேண்டும். அமெரிக்காவின் பாலைநிலப் பள்ளத்தாக்கு ஆறுகளிலும் இதே கதைதான்.

சாலியாற்றின் கிளையான இருவஞ்சிப்புழையில் மழைக்காலத்தில் கயாக் போட்டிகள் நடப்பதுண்டு. பாறைகளிடையே நுரைத்துப் பாயும் நீரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். ஒரே இடம் நேற்று 3, மழைக்குப் பின் இன்று 4 ஆகலாம். ஏன்? நீரின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும்!

முழங்காலளவு நீர்தானே என்று அதில் எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கினால், நீர் உங்களைக் குப்புறக் கவிழ்த்து அமுக்கிவிடும். படகு கவிழ்ந்தால் மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டை, தலைக்கவசம், தேர்ந்த வழிகாட்டி இல்லாமல் இறங்கவே கூடாது.

கரையில் தங்கினால் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? குச்சி மூழ்கும்வரை காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.