குருதியின் கணக்கு

நோய் என்பது புறத்தேயிருந்து உடலினுட் புகும் ஒன்று என்பதே பெரும்பாலார் கருத்து. சில நோய்கள் அத்தன்மையனவே. நுளம்பு கடித்தலால் வரும் காய்ச்சலும், தூய்மையற்ற நீரைப் பருகலால் வரும் கழிச்சலும் அவ்வாறு வருவன. ஆயின், உடலில் என்றும் உள்ள பொருளொன்று தன் அளவிற் பிறழ்தலால் விளையும் நோய்களும் உள. நீரிழிவு அவற்றுள் ஒன்று. நம்மூரார் அதனைச் சலரோகம் என்றும், சீனி வருத்தம் என்றும் வழங்குவர். உடலின் இரசாயனத்தை அளந்து நோயை அறிதல், அறிந்த அளவைக் கணக்கிட்டு மருந்தை வகுத்தல் என்னும் இரண்டையும் விளக்குதற்கு இந்நோய் தக்கதோர் எடுத்துக்காட்டாம். ஆதலின் அதனையே இக்கட்டுரையிற் பாடமாகக் கொண்டோம்.

ஒரு தேக்கரண்டிச் சீனி

முதற்கண் ஓர் எளிய கணக்கைச் செய்வோம். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி ஓடுகின்றது. நலமுடைய ஒருவர் இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையில் எழும்போது, அவர் குருதியில் ஒரு தெசிலீற்றருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோசு என்னும் வெல்லம் காணப்படும். தெசிலீற்றர் என்பது லீற்றரிற் பத்தில் ஒரு பங்கு. எனவே 5 லீற்றர் 50 தெசிலீற்றர் ஆகும். 50ஐ 100ஆற் பெருக்க வருவது 5,000 மில்லிகிராம். அஃதாவது 5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை ஏறத்தாழ அவ்வளவே.

இனி, உண்ணாநிலையில் அளந்த அளவு 126 மில்லிகிராமை எட்டுமாயின் அதனை நீரிழிவு என இக்கால மருத்துவம் வரையறுக்கின்றது. அவ்வளவுக்கு நம் கணக்குப்படி குருதியில் உள்ள வெல்லம் 6.3 கிராம். நலத்துக்கும் நோய்க்கும் இடைப்பட்ட தூரம் ஒரு சிட்டிகைச் சீனிதான். நாவாலோ கண்ணாலோ அச்சிட்டிகையை அறிதல் இயலாது. அளந்தே அறிதல் வேண்டும்.

நாம் காலையிற் பருகும் தேநீரில் இடும் சீனியே அவ்வெல்லையைக் கடக்கப் போதுமன்றோ எனின், போதும். அவ்வாறு கடவாமற் காப்பது இரைப்பையின் பின்னே கிடக்கும் சதையி என்னும் உறுப்பு சுரக்கும் இன்சுலின் ஆகும். குருதியில் வெல்லம் ஏறியவுடன் இன்சுலின் சுரந்து, தசையும் கொழுப்பும் அவ்வெல்லத்தை ஏற்கச் செய்கின்றது. ஈரல் அதனைச் சேமித்து வைக்குமாறும் தூண்டுகின்றது. இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் அழிவதால் வருவது முதல் வகை நீரிழிவு. அது பெரும்பாலும் இளமையிலே தோன்றும். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவ்வனே இணங்காமையால், நாளடைவிற் சுரப்பும் தளர வருவது இரண்டாம் வகை. நம்மிடையே மிகுதியாகக் காணப்படுவது பின்னதே.

வான் பாயும் குளம்

நீரிழிவாளர் சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்பதை நம் நாட்டுப் பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர். மதுமேகம் என்ற பெயரே அதனை உணர்த்தும். 1776ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் மத்தேயு டொப்சன், அந்நீரை வற்றக் காய்ச்சி எஞ்சிய பொருள் வெல்லமே எனவும், நோயாளியின் குருதியும் இனிப்புடையது எனவும் வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பெனடிக்ற்றுக் கரைசலைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். அதனோடு சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்கின், வெல்லத்தின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, முடிவிற் செங்கல் நிறம் பெறும்.

ஆயினும் இச்சோதனைக்கு ஒரு பெருங்குறை உண்டு. வன்னிக் குளங்களை நோக்குக. மழை பெய்து நீர் ஏறினும், குறித்த மட்டத்தைக் கடந்த பின்னரே குளம் வான் பாய்கின்றது. சிறுநீரகமும் அவ்வாறே. வடிகட்டிய வெல்லத்தை அது குருதிக்கே மீட்டுக் கொடுக்கும். குருதியில் அளவு ஏறக்குறைய 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே வெல்லம் சிறுநீரில் வழியும். எனவே நீரில் இனிப்பு இல்லை என்பதனால் நோய் இல்லை என்று துணிதல் தவறு. எறும்பு காட்டும் சான்று காலம் கடந்த சான்று.

எமக்கு ஆய்வுகூடத்தில் இச்சோதனையைக் கற்பித்த ஆசிரியர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்கின்றோம். ஆய்வுக்குழாயின் நிறமாற்றத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குக் காட்டிய அவர், தம் குருதியை ஒருநாளும் சோதிப்பித்திலர். ஓய்வு பெற்றபின் பனங்கருக்குக் கீறிய காற்புண் திங்கள் சில சென்றும் ஆறாதிருந்தபோதே நோய் வெளிப்பட்டது. அதற்குள் நரம்பு உணர்ச்சி இழந்திருந்தது. காலும் இழக்க நேர்ந்தது. பின்னாளில் எம்மைக் காணுந்தோறும், "குழாயைச் சோதித்தேன்; என்னைச் சோதித்திலேன்" என்பர். அவர் அறியாதவர் அல்லர், அளவாதவர். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அச்சொல்லே.

ரொறன்ரோவில் ஒரு சிறுவன்

1922க்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளை பிழைத்தல் இல்லை. பட்டினி கிடக்கச் செய்து சில காலம் உயிரை நீட்டலே மருத்துவமாயிருந்தது. 1921இற் கனடாவின் ரொறன்ரோ நகரில், மக்லியொட் என்பாரின் ஆய்வுகூடத்தில், பான்ரிங்கும் பெஸ்ற்றும் நாயின் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தனர். 1922 சனவரி 11ஆம் நாள் லியனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அத்தகைய சாறு ஏற்றப்பட்டது. முதன்முறை பயன் சிறிதே. சாறு தூயதாய் இல்லை. இரசாயனவியலாளராகிய கொலிப் அதனைத் தூய்மையாக்கிக் கொடுக்க, சனவரி 23ஆம் நாள் மீண்டும் ஏற்றினர். சிறுவனின் குருதி வெல்லம் இறங்கிற்று. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதன்பின் இன்சுலினின் அமைப்பை இரசாயனம் படிப்படியே விளக்கிற்று. அது 51 அமினோவமிலங்கள் கோத்த புரதம் என்பதை 1955அளவில் சாங்கர் நிறுவினார். அதன் முப்பரிமாண வடிவை டொறதி ஓட்ச்கின் 1969இற் கண்டார். பற்றீரியாவின் உதவியால் ஆக்கிய மனித இன்சுலின் 1982இல் விற்பனைக்கு வந்தது. புரதமாதலின் அது வெப்பத்தாற் கெடும். 1990ஆம் ஆண்டுகளில் நம் குடாநாடு நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தபோது, குளிர்ப்பெட்டியின் அருமையை இம்மருந்து வேண்டியோரினும் நன்கு உணர்ந்தார் இலர். ஈரமணல் இட்ட மட்பானை அத்தகைய வேளையில் ஓரளவு துணையாகும்; நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்தலே அதன் காரணம்.

மூன்று திங்களின் பதிவேடு

குருதி வெல்லம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். ஒருநாள் அளவை மட்டும் கொண்டு நீண்டநாள் நிலையைத் துணிதல் எவ்வாறு? சோதனைக்கு முன் இரண்டு நாள் உணவை அடக்கி வைத்தியரை மகிழ்விப்பாரும் நம்மிடை உளர். இதற்கும் இரசாயனம் வழி கண்டது. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாள் வாழும். அக்காலமெல்லாம் அதனுள் இருக்கும் ஈமோகுளோபினோடு வெல்லம் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்ளும். குருதியில் வெல்லம் மிகின் ஒட்டுவதும் மிகும். நீரிழிவாளரிடம் இது மிகுந்திருத்தலை 1968அளவில் ஈரானிய அறிஞர் சாமுவேல் ராபார் கண்டார். இன்று இதன் பெயர் எச்.பி.ஏ.1சி. நூற்றுக்கு 5.7இற் குறைவு இயல்பு, 6.5உம் அதன் மேலும் நீரிழிவு. இது இரண்டு மூன்று திங்களின் பதிவேடு. இரு நாட் பட்டினியால் அதனைத் திருத்தல் இயலாது.

ஆயினும் எக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. தலசீமியா உடையார்க்கும், இரும்புச்சத்துக் குறைந்தார்க்கும், குருதி ஏற்றப்பெற்றார்க்கும் கலத்தின் இயல்போ வாழ்நாளோ மாறுதலின் இவ்வெண் பிழைபடலாம். எண்ணைப் படிப்பதோடு அது பிறந்த வழியையும் அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மருந்தின் கணக்கு

இன்சுலின் கூடினாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு. கூடின் வெல்லம் மிகத் தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரும். எனவே அளவைக் கணித்தல் வேண்டும். உதாரணமாக, ஒரு நோயாளிக்கு 10 கிராம் மாப்பொருளுக்கு ஓர் அலகு இன்சுலின் வேண்டும் எனவும், ஓர் அலகு குருதி வெல்லத்தை 50 மில்லிகிராம் தாழ்த்தும் எனவும் அவர் வைத்தியர் கண்டுள்ளார் என்க. அவர் 60 கிராம் மாப்பொருள் உள்ள உணவை உண்ணப் போகின்றார். அதற்கு 6 அலகு. அப்போது அளந்த வெல்லம் 220, இலக்கு 120, மிகுதி 100, அதனைத் தாழ்த்த 2 அலகு. கூட்டின் 8 அலகு. முன்னர் ஏற்றியது உடலில் இன்னும் எஞ்சியிருப்பின் அதனைக் கழித்தல் வேண்டும். இவ்வெண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். விளக்கத்திற்காகவே ஈண்டுக் காட்டினோம்.

இக்கணக்கையே இன்று கணினி இடையறாது செய்கின்றது. தோலின்கீழ் இட்ட நுண்கருவி ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெல்லத்தை அளந்து கூற, கணினி கணக்கிட, சிறு பம்பி இன்சுலினைச் செலுத்துகின்றது. உணவின் அளவை நோயாளி அறிவிக்க, ஏனையவற்றைத் தானே ஆற்றும் இத்தகைய கருவிக்கு அமெரிக்க அரசு 2016இல் முதன்முதல் இசைவளித்தது. அதற்கு அடித்தளமாய் நின்றவை, வெல்லமும் இன்சுலினும் ஒன்றையொன்று தாக்கும் முறையைக் கூறும் கணிதச் சமன்பாடுகள். வேர்ஜினியா, பாதுவா பல்கலைக்கழகத்தார் அவற்றால் அமைத்த கணினி மாதிரியை, இத்தகைய ஆய்வுகளில் விலங்குச் சோதனைக்கு மாற்றாக அமெரிக்க மருந்து நிருவாகம் 2008இல் ஏற்றுக்கொண்டது. நாயில் தொடங்கிய ஆய்வு நாயை விடுவித்தது.

தாளும் நாடாவும்

இத்தகைய கருவிகள் விலை மிக்கவை. ஆயின் கணக்கு அனைத்தும் விலை மிக்கதன்று. சென்னையில் வைத்தியர் மோகனும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட இடர்ப்புள்ளி முறைக்கு வேண்டுவன ஒரு தாளும் ஓர் அளவு நாடாவுமே. வயது 35இற் குறையின் 0. 35 முதல் 49 வரை 20. 50உம் மேலும் ஆயின் 30. ஆடவர் இடைச்சுற்று 90 சதமமீற்றருக்குக் குறையின் 0, 90 முதல் 99 வரை 10, அதன்மேல் 20. பெண்டிர்க்கு இவ்வெல்லைகள் 80, 90 ஆகும். முறையான தேகப்பயிற்சியும் கடின உழைப்பும் உடையார்க்கு 0. இரண்டில் ஒன்று உடையார்க்கு 20. இரண்டும் அற்றார்க்கு 30. பெற்றோரில் ஒருவர்க்கு நோயிருப்பின் 10. இருவர்க்கும் இருப்பின் 20. கூட்டுத்தொகை 60ஐ எட்டின் இடர் பெரிது. குருதியைச் சோதித்தல் வேண்டும்.

38 வயதுடைய எழுதுவினைஞர் ஒருவரைக் கொள்வோம். வயதுக்கு 20, இடைச்சுற்று 95 ஆதலின் 10, நாற்காலித் தொழில், பயிற்சி இல்லை, 30, தாய்க்கு நோய் உண்டு, 10, மொத்தம் 70. அவர் நாள்தோறும் முறையாக நடந்து இடையை 90இற்குக் கீழ்க் கொணரின் தொகை 50 ஆகும். வயதையும் தாயையும் மாற்றல் இயலாது. ஏனைய இரண்டும் அவர் கையில் உள்ளன. இது வெறும் எண்ணாட்டம் அன்று. நோயின் வாயிலில் நின்ற 531 இந்தியரை வைத்து வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் திருத்தியோரிடை நோய் தோன்றுதல் நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது.

நம் கடன்

இத்தகைய கல்வி நம் குடாநாட்டுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றி, பின்னர்த் தமிழையே போதனாமொழியாக்கினார். அவர் காலத்து மருத்துவத் தமிழ்நூல்களோடு கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலும் 1875இல் வெளிவந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியது.

ஆயினும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த நீரிழிவுக் கணக்கெடுப்பு ஏழு மாகாணங்களையே கண்டது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அதனுள் அடங்கவில்லை. அவ்வேழிலும் 20 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கு நோய் இருந்தது. அவருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டார் தமக்கு நோயிருத்தலை அறியாதே இருந்தனர். அன்று நம்மை எண்ணுவார் இலர். இன்று நம்மை நாமே எண்ணிக்கொள்ளத் தடையாது?

மாணவர்காள், இரசாயனத்தையும் கணிதத்தையும் இரு வேறு பாடங்களாக நினையாதீர். நோயாளியின் படுக்கையருகே அவை ஒன்றாகும். பழைய மாணவரே, இம்மலரை மூடிவைத்தபின் ஓர் அளவு நாடாவை எடுத்து உம் இடையை அளந்து, மேற்கூறிய கணக்கைச் செய்க. தொகை 60ஐ எட்டின் மறுநாட் காலை உண்ணாது சென்று குருதியைச் சோதிப்பிக்க. எம் ஆசிரியர் விட்ட குறையை அவர் மாணவர் நிறைவு செய்தலே அவர்க்கு யாம் செலுத்தும் குருகாணிக்கை.