பழைய பைத்தானை அகற்றாமல் புதியதை நிறுவுவது எப்படி?

உபுண்டு 22.04 நிறுவிய கணினியில் பைத்தான் 3.10 கூடவே வந்துவிடும். நண்பர் அனுப்பிய நிரல் 3.12க்காக எழுதப்பட்டதாக இருந்தால், அது இதில் ஓடாமல் போகலாம். எஃப்-சரத்துக்குள் அதே வகை மேற்கோள்குறியை மீண்டும் பயன்படுத்தும் வசதி, 2023 அக்டோபரில் வெளியான 3.12இல்தான் வந்தது. 3.10 அந்த வரியைப் பார்த்ததும் இலக்கணப் பிழை என்று நின்றுவிடும்.

புதிய பைத்தானை நிறுவுவது எளிது. நிறுவிய பிறகு பலரும் செய்யும் ஒரு வேலையால்தான் கணினி முடங்குகிறது.

முனையத்தில் 'பைத்தான்3' என்று தட்டுகிறோம் அல்லவா? அது ஒரு பெயர்ப்பலகை போன்றது. பைத்தான்3.10 என்ற உண்மையான நிரல் இருக்கும் இடத்தை அது சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். 3.12ஐ நிறுவியதும் அந்தப் பலகையை அதன் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். பதிப்பைக் கேட்டால் 3.12 என்று பதில் வரும், மகிழ்ச்சிதான். ஆனால் சாளரத்தை மூடிவிட்டு மீண்டும் முனையத்தைத் திறக்க முயன்றால், திறக்காது.

காரணம் இதுதான். உபுண்டுவில் முனையத்தைத் தொடங்கி வைப்பதே ஒரு சிறிய பைத்தான் நிரல். மென்பொருள் களஞ்சியங்களைச் சேர்க்கும் கருவியும், பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாக நிறுவும் கருவியும் அப்படியே. இவற்றுக்குத் துணையாக இருக்கும் நிரலகங்கள் சில, சி மொழியில் எழுதி 3.10க்கென்றே தொகுக்கப்பட்டவை. கோப்பின் பெயரிலேயே 310 என்ற எண் இருக்கும். 3.12 அவற்றைத் தனக்குரியதாக ஏற்காது. 'ஆப்ட்_பிகேஜி என்ற கூறு இல்லை' என்ற பிழைச்செய்தியைப் பார்த்தவர்கள், கூறு காணாமல் போய்விட்டது என்று நினைப்பார்கள். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது; தேடி வந்த பைத்தான்தான் வேறு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். அதில் நுழைந்து பெயர்ப்பலகையை 3.10க்கே திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் 3.10ஐயே நீக்கியவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. அதை நம்பியுள்ள பொதிகளும் கூடவே போயிருக்கும்.

அப்படியானால் 3.12ஐ எப்படி நிறுவுவது? பழையதன் பக்கத்திலேயே வையுங்கள். 'டெட்ஸ்னேக்ஸ்' என்ற களஞ்சியத்தைச் சேர்த்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும் என்று அவர்களே உறுதி கூறுவதில்லை. வீட்டுக் கணினியில் படிப்பதற்கு அது போதும். சேவையகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றொரு வழி, மூல நிரலைப் பதிவிறக்கம் செய்து நாமே தொகுப்பது. அதற்குமுன் ஓப்பன்எஸ்எஸ்எல் மேம்பாட்டுப் பொதியை நிறுவுங்கள். அதை விட்டுவிட்டால் தொகுப்பு முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் பிப் இணையத்திலிருந்து எதையும் இறக்காது. கடைசிக் கட்டளையாக 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். முன்னது பைத்தான்3 என்ற பெயரிலும் ஒன்றை வைத்துவிடும். பின்னது பைத்தான்3.12 என்ற பெயரோடு நின்றுகொள்ளும்.

இனி உங்கள் திட்டத்துக்கென ஒரு கோப்புறையில், பைத்தான்3.12ஐக் கொண்டு மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். டெட்ஸ்னேக்ஸ் வழியில் வந்தவர்கள் அதற்கான 'வென்வ்' பொதியைத் தனியே நிறுவ வேண்டும். சூழலை இயக்கியபின் 'பைத்தான்' என்று தட்டினால் அந்த முனையத்தில் மட்டும் 3.12 வரும். பிப் நிறுவுவதும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே அடங்கும்.

உபுண்டு 24.04இல் 3.12 கூடவே வருகிறது. அங்கே மெய்நிகர் சூழலுக்கு வெளியே பிப்பைக் கொண்டு நிறுவப் பார்த்தால் அதுவே மறுத்துவிடும். மறுப்பை மீற ஒரு விருப்பத்தேர்வும் உண்டு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், 'கணினியின் பொதிகளை உடை'. பெயர் வைத்தவர் எதையும் ஒளிக்கவில்லை.