மனத்துயருக்கு அருகிலேயே உதவி: தேடலும் தேர்வும்

ஒரு நாட்டின் வளர்ச்சியை மதிப்பிடும்போது உணவு தானிய உற்பத்தி, மின்சாரம், எழுத்தறிவு, சாலை வசதி ஆகியவற்றைக் கணக்கில் கொள்கிறோம். இவற்றையெல்லாம் உருவாக்கும் மனிதரின் மனநிலையைக் கணக்கிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததில்லை. அந்நிலை இப்போது மாறி வருகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, மனநலத்தைப் பொருளாதாரப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு விவாதித்தது.

கணவரை இழந்த பெண், கடனில் மூழ்கிய விவசாயி, தேர்வில் தவறிய மாணவர், மகப்பேற்றுக்குப் பின் காரணம் தெரியாமல் அழும் இளந்தாய், குடிநோயாளியின் மனைவி ஆகியோரில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் படுக்கை தேவைப்படுவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் சில வாரங்கள் தொடர்ந்து செவி கொடுப்பதும், அதே துயரைக் கடந்து வந்தவர்களின் துணையுமே அவர்களுக்குத் தேவை. அத்தகைய உதவி எங்கே கிடைக்கிறது, அதைத் தேடி அடைவதில் உள்ள தடைகள் யாவை, தரமான உதவியை இனங்காண்பது எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேவையும் வசதியும்

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஆய்வின்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகியிருந்தனர். சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோரின் பங்கு, குறைபாட்டின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது.

மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையிலும் மாநிலங்களுக்கிடையே பெரும் ஏற்றத்தாழ்வு காணப்பட்டது. 1 லட்சம் மக்களுக்கு மத்தியப் பிரதேசத்தில் 0.05, கேரளத்தில் 1.2 என்ற அளவிலேயே மருத்துவர்கள் இருந்தனர். முன்னிலையில் நின்ற கேரளத்திலும் ஏறத்தாழ 80,000 பேருக்கு ஒருவரே இருந்தார் என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

தேசியக் குற்றப் பதிவேடுகள் நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் தினக்கூலித் தொழிலாளர்கள். மனத்துயர் வசதி படைத்தோரின் நோய் என்று கூறுவோருக்கு இப்புள்ளிவிவரமே விடையாகும்.

மருத்துவமனையிலிருந்து மாவட்டத்துக்கு

1946இல் அறிக்கை அளித்த போர் குழுவினர், அன்றைய இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கையே இருந்ததாகக் கண்டறிந்தனர். விடுதலைக்குப் பின் மருத்துவமனைகளைப் பெருக்கும் முயற்சி ஒருபுறம் நடைபெற, மறுபுறம் வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். நோயின் தன்மையைக் குடும்பத்தார் அறிந்துகொண்டனர். வீடு திரும்பியோர் மீண்டும் கைவிடப்படுவது குறைந்தது. இந்திய மனநல மருத்துவத்தில் குடும்பம் சிகிச்சையின் பங்காளியானது இவ்வாறே.

1970களில் அரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் கர்நாடகத்தின் சகல்வாராவிலும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு மனநலச் சேவை அளிக்கும் சோதனைகள் நடைபெற்றன. அவற்றின் அடிப்படையில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று. 1985 முதல் 1990 வரை, ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் வாழ்ந்த பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் இம்முறை செயற்படுத்திப் பார்க்கப்பட்டது. 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், இன்று 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது.

தேடும் செலவு

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் சேவை பெறாதோர் ஏன் இவ்வளவு பேர்? மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். வெளியே தெரிந்தால் இழிவு என்ற அச்சம் மற்றொரு காரணம். பொருளியல் மாணவர் மூன்றாவது காரணம் ஒன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதுவே தேடும் செலவு.

ஒரு பொருளை வாங்குபவர் அதன் விலையை மட்டும் கொடுப்பதில்லை. அது எங்கே கிடைக்கும், தரமானதா என்று அறிவதற்கும் காலமும் பணமும் செலவிடுகிறார். கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஆற்றுப்படுத்துநரைக் காணச் செல்லும் கூலித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் தனியே செல்ல இயலாதவராதலால் துணைக்கு ஒருவர் உடன் வருகிறார். ஒரு பயணத்தில் இருவரின் ஒருநாள் கூலி இழப்பாகிறது. ஆறு அமர்வுகள் தேவையெனில் பன்னிரண்டு நாள் கூலி போய்விடும். ஆலோசனை இலவசம் என்று அரசு அறிவித்தாலும் அவருக்கு அது இலவசமன்று. முதல் பயணத்தில் “இன்று மருத்துவர் வரவில்லை” என்ற விடை கிடைக்குமாயின், இரண்டாம் பயணம் பெரும்பாலும் நிகழ்வதில்லை.

மற்றப் பொருள்களைத் தேடுவோருக்கும் இவருக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. விதையோ உரமோ தேடும் விவசாயி நான்கு கடைகள் ஏறி இறங்குவார். மனச்சோர்வுற்றவரிடமோ தேடுவதற்கான ஊக்கமே குன்றியிருக்கும். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் முடிவெடுக்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. ஆகவே, தேடும் சுமை அதைத் தாங்க முடியாதவர் மீதே விழுகிறது. அச்சுமையை அவரிடமிருந்து எடுத்து நிர்வாகம் ஏற்பதே இத்துறையின் முதற்பணி எனலாம்.

அவ்வாறு ஏற்காதபோது என்ன நேரும் என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் காட்டியது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பிடம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீ விபத்தில் மாண்டனர். அவர்களின் குடும்பத்தார் திறந்திருந்த கதவைத் தேடிச் சென்றவர்கள். வேறு கதவு இருப்பதை அவர்களுக்குக் காட்டியவர் எவருமில்லை.

பயிற்சி பெற்ற அண்டை வீட்டார்

உதவியை மக்களின் அருகே கொண்டுசெல்லும் முயற்சிகளில் கோவாவின் அனுபவம் கற்கத்தக்கது. சங்கத் என்னும் தொண்டு நிறுவனத்தினர், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து பயிற்சியளித்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தினர். கடும் மனச்சோர்வுற்றோருக்கு இவர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை உதவினர். கைவிட்ட அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்வதும், பிரச்சினைகளைப் பகுத்து அணுகக் கற்பிப்பதும் இம்முறையின் சாரம். 495 பேரிடம் நடந்த இவ்வாய்வின் முடிவுகள் 2016 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. மூன்று மாத முடிவில் ஆலோசனை பெற்றோரில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் இது 39 விழுக்காடாக இருந்தது.

குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் 2017 முதல் நடைபெற்ற ஆத்மீயதா திட்டம், கிராமத்துக்குள்ளேயே தன்னார்வலர்களை உருவாக்கியது. அவர்கள் துயருற்றோரை இனங்கண்டு நான்கு முதல் ஆறு முறை சந்தித்துப் பேசினர். தீவிர நோயுற்றோரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினர். விதவை ஓய்வூதியம் போன்ற அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றனர். வருவாய் இழப்பால் வந்த துயருக்கு ஓய்வூதியமும் மருந்தாகும் என்பதை இத்திட்டம் உணர்ந்திருந்தது. அதே மாவட்டத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில், வழிபாட்டுக்கு வருவோர் அங்கேயே மனநல மருத்துவரையும் காண ஏற்பாடு செய்யப்பட்டது. மக்களின் நம்பிக்கையை இகழாமல், அவர்கள் வரும் இடத்திலேயே மருத்துவத்தை வைத்தது இதன் சிறப்பு.

ஆதரவுக் குழுக்கள்

ஒத்த துயருடையோர் கூடிப் பேசும் குழு, ஆற்றுப்படுத்துதலினின்றும் வேறுபட்டது. அங்கே வழங்குபவர், பெறுபவர் என்ற பிரிவினை இல்லை. இந்தியாவில் இதற்கு நெடுநாளைய எடுத்துக்காட்டு, 1957 முதல் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமாகும். குடியை நிறுத்த விரும்புவதே இதில் சேரத் தகுதி, கட்டணமில்லை, பெயர் வெளியிடப்படுவதில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்னும் தனிக் குழுக்கள் உள்ளன. நாட்பட்ட மனநோயாளிகளைப் பராமரிக்கும் பெற்றோரும் துணைவரும் பல நகரங்களில் குடும்பச் சங்கங்கள் அமைத்துள்ளனர்.

இக்குழுக்களின் பயன் எளிதில் விளங்குவது. “எனக்கு மட்டுமே இப்படி” என்ற எண்ணம் முதல் கூட்டத்திலேயே தளர்கிறது. முன்னே சென்றவரின் அனுபவம் பின்னே வருபவருக்கு வழிகாட்டுகிறது. பிறருக்கு உதவும்போது உதவுபவரின் தன்மதிப்பும் உயர்கிறது. ஆயினும் குழுவுக்கு எல்லை உண்டு. தற்கொலை எண்ணம், மாயக்குரல் கேட்டல், பல நாள் உணவும் உறக்கமும் இன்மை ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் செல்வதே முதற்கடன். குழு அதன்பின் வரும் துணை.

எங்கே தொடங்குவது?

உதவி நாடுவோர் தொடங்குவதற்குரிய இடங்கள் வருமாறு:

1. 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி எண். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இந்த இலவசச் சேவை 24 மணி நேரமும் தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் இயங்குகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் பேசுவார். தேவையாயின் மனநல வல்லுநரிடம் இணைப்பார். எங்கே தேடுவது என்று அறியாதவர் வீட்டிலிருந்தே தொடங்க இது ஏற்றது.

2. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலக் குழு இங்கிருந்தே செயற்படுகிறது. குழுவினர் எந்த நாளில் எந்த வட்டார மருத்துவமனைக்கு வருகின்றனர் என்று கேட்டறிந்தால் பயணச் செலவு மிச்சமாகும்.

3. ஆரம்ப சுகாதார நிலையம், ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர், ஆஷா பணியாளர். இவர்கள் நேரடியாகச் சிகிச்சையளிக்க இயலாவிடினும் உரிய இடத்துக்கு அனுப்ப இயலும்.

4. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகள். ஆதரவுக் குழுக்களைப் பற்றிய செய்தியும் இங்குள்ள மனநலச் சமூகப் பணியாளர்களிடம் கிடைக்கும்.

தேர்வு செய்யும் அளவுகோல்

ஆலோசகர் என்ற பெயர்ப்பலகை எல்லாம் தகுதிக்குச் சான்றாகா. மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது குற்றமன்று. தகுதியுடையவர் அதைத் தவறாகக் கருதமாட்டார். குழுவாயின் கீழ்க்கண்டவற்றை நோக்க வேண்டும். பேசியவை வெளியே செல்லா என்ற உறுதி தரப்படுகிறதா? பேச விரும்பாதவர் மௌனமாக அமர்ந்திருக்க இடமுண்டா? மருந்தை நிறுத்துமாறு எவரேனும் வற்புறுத்துகின்றனரா? பெருந்தொகையோ மதமாற்றமோ கட்சிச் சார்போ நிபந்தனையாகிறதா? விரும்பியபோது விலகலாமா? முதலிரண்டுக்கும் இறுதிக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றும், ஏனையவற்றுக்கு ‘இல்லை’ என்றும் விடை வருமாயின் அக்குழுவை நம்பலாம். ஒரு குழு ஒத்துவரவில்லையெனில் குறை தம்முடையதென்று எவரும் எண்ண வேண்டியதில்லை, மற்றொன்றை முயலலாம்.

சட்டமும் அலுவலர் கடமையும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்கியுள்ளது. மாவட்டத்தில் அத்தகைய சேவை இல்லையெனில், அங்குள்ள வேறு மனநலச் சேவையை நாடவும், அச்செலவை அரசு ஏற்கவும் அது வகைசெய்கிறது. சிகிச்சை விவரங்களின் இரகசியம் காக்கப்படுகிறது. உடல்நோய்க்கு ஈடாக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படுவார். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை.

இவ்வுரிமைகள் ஏட்டளவில் நில்லாதிருக்க, வட்டார அளவிலான அலுவலர் செய்யக்கூடியவை சில உண்டு. புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை. வட்டாரத்திலும் மாவட்டத்திலும் உள்ள மனநலச் சேவைகள், குழுக்கள், அவை கூடும் நாள், இடம், தொடர்புக்குரியவர் ஆகியவற்றை ஒரு தாளில் தொகுத்து, மூன்று மாதங்களுக்கொருமுறை சரிபார்த்தல் வேண்டும். நியாயவிலைக் கடை, அஞ்சலகம், பள்ளி, பேருந்து நிலையம், ஊராட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் அதை ஒட்டலாம். பழைய பட்டியல் பட்டியலின்மையினும் தீயது. மூடிய கதவுக்கு வழிகாட்டுவது நம்பிக்கையை மேலும் குலைக்கும். மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி அறையையோ சமுதாயக் கூடத்தையோ வாரம் ஒருமுறை குழுவுக்கு அளிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் மனத்துயர் பற்றிய பேச்சுக்கு இடமளிக்கலாம். ஆயினும் கடனும் தவணையும் பேசும் அதே அவையில் அந்தரங்கம் பேசுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது.

2022இல் வெளியிடப்பட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை இறப்புகளை 10 விழுக்காடு குறைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. அக்குறிக்கோள் எட்டப்படுமா என்பது, துயருற்ற ஒருவர் முதன்முறை வாய் திறக்கும்போது எதிரிலிருப்பவர் தரும் விடையையும் பொறுத்தது. “பெரிய மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள்” என்று கூறுவது வழிகாட்டலாகாது. இந்தக் கிழமை, இந்த இடத்தில், இவரைப் பாருங்கள் என்று கூறி, இயலுமாயின் உடன் ஒருவரை அனுப்பிவைப்பதே வழிகாட்டலாகும். அத்தகைய விடையை ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒருவரேனும் அளிக்கக்கூடிய நிலையை உருவாக்குதல், பாலமும் சாலையும் அமைப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.