"ஹரி அப்" என்றால் யாருக்கு அவசரம்? – ஆன்லைன் கடையின் ஆங்கிலம்

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில், விவசாயக் குடும்பங்களுக்குப் பணம் மாதம் முதல் தேதி வருவதில்லை. காப்பியும் மிளகும் பறித்து, காயவைத்து, விற்ற பிறகு மொத்தமாக வருகிறது. பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம், காதுகுத்து எல்லாமே அதில்தான். அடுத்த பறிப்பு வரை அது தாங்கவேண்டும். முன்பெல்லாம் பெரிய பொருள் வாங்க 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேந்தமங்கலமோ நாமக்கல்லோ போகவேண்டும். போய்ச் சேருவதற்குள் பாதி ஆசை ஆறிவிடும்! இன்று கடை சட்டைப்பையில் இருக்கிறது. செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும், முக்கியமான இடங்களில் ஆங்கிலச் சொற்கள் மிஞ்சியே நிற்கின்றன. இந்தப் பாடம் அந்தச் சொற்களைப் பற்றியது. அவற்றில் பாதி பொருளைப் பற்றிய சொற்களே அல்ல. நம் மனதைத் தொடும் சொற்கள்.

முதல் சொல் 'இம்பல்ஸ்'. லத்தீனில் 'தள்ளுதல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. வாங்கும் எண்ணமே இல்லாமல், ஏதோ ஒன்று உள்ளிருந்து தள்ள, சட்டென வாங்குவதுதான் 'இம்பல்ஸ் பையிங்'. 1962-லேயே ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை நான்கு வகையாகப் பிரித்தார். சோளக்காடு சந்தையை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம். சோப்பு அடுக்கைப் பார்த்ததும் "வீட்ல தீர்ந்துபோச்சே" என்று எடுப்பது ஒரு வகை. இதில் கெடுதல் இல்லை. எதாவது வாங்கலாம், விலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று போவது இன்னொன்று. இதுவரை பார்த்தேயிராத ஒரு பொருளைப் பார்த்து, "இது நமக்கு வேணுமோ?" என்று அங்கேயே தோன்றுவது மூன்றாவது. காரணமே இல்லாமல் கை நீள்வது நான்காவது. போன் திரை பெரும்பாலும் கடைசி இரண்டைத்தான் தூண்டுகிறது என்பது என் கருத்து.

இப்போது கொஞ்சம் இலக்கணம். "எனக்குக் கோபம் வருது", "எனக்கு ஆசையா இருக்கு" என்கிறோம். தமிழில் உணர்ச்சி நம்மிடம் வருகிறது. வந்தது போகவும் செய்யும். ஆங்கிலத்தில் "ஐ ஆம் ஆங்ரி" என்றால், கோபம் வந்தது என்ற பேச்சே இல்லை. நானே எழுவாயாக நிற்கிறேன். இந்த வேறுபாட்டால் ஒரு தவறு அடிக்கடி வருகிறது. 'போர்டு' என்றால் எனக்கு போரடிக்கிறது. 'போரிங்' என்றால் போரடிக்க வைக்கிறது. "ஐ ஆம் போரிங்" என்று சொன்னால், "என்னோடு பேசினால் உங்களுக்கு போரடிக்கும்" என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி! அதேபோல 'டெம்ப்டிங்' என்பது ஆசை காட்டும் சலுகைக்கு. 'டெம்ப்டட்' என்பது ஆசைப்பட்ட ஆளுக்கு. "தி ஆஃபர் இஸ் டெம்ப்டிங், ஸோ ஐ ஆம் டெம்ப்டட்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். யார் தள்ளுகிறார், யார் தள்ளப்படுகிறார் என்பது அந்த விகுதியிலேயே தெரிந்துவிடும்.

நம் பேச்சில் 'டென்ஷன்' என்ற ஒரே சொல் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. ஆங்கிலம் அதைப் பிரித்து வைத்திருக்கிறது. நாளைக்குப் பரீட்சை என்றால் 'நெர்வஸ்'. என்ன நடக்குமோ என்று மனம் ஓயாமல் அலைந்தால் 'ஆங்சியஸ்'. வேலை கழுத்தை நெரித்தால் 'ஸ்ட்ரெஸ்டு'. முயன்றும் நடக்கவில்லை என்றால் 'ஃப்ரஸ்ட்ரேட்டட்'. தனியாக இருப்பது 'அலோன்'. தனிமை வாட்டுவது 'லோன்லி'. ராத்திரி பதினொரு மணிக்கு போனைத் திறக்கும் கைக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று யோசித்துவிட்டு, அப்புறம் பொத்தானை அழுத்தலாம். வாங்கியபின் வருவதற்கும் ஒரு சொல் உண்டு: 'ரிமோர்ஸ்'. 'திரும்பக் கடித்தல்' என்பது அதன் மூலப்பொருள். "மனசு அரிக்குது" என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய அதேதான்.

இனி திரையில் வரும் சொற்கள். "ஹரி அப்", "ஒன்லி 2 லெஃப்ட்", "டீல் எண்ட்ஸ் இன் 10 மினிட்ஸ்" ஆகியவை இழந்துவிடுவோமோ என்ற பயத்தைத் தொடுகின்றன. உண்மையிலேயே இரண்டுதான் மிச்சம் என்றால் அது தகவல். இல்லாத அவசரத்தை உண்டாக்கினால், அது விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இப்படிப்பட்ட 13 தந்திரங்களை 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டுத் தடை செய்தன. பொய் அவசரத்துக்கு அங்கே 'ஃபால்ஸ் அர்ஜென்சி' என்று பெயர்.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று 'கன்ஃபர்ம் ஷேமிங்'. 'ஷேம்' என்றால் அவமானம், வெட்கம். பயணக் காப்பீடு வேண்டாம் என்பவருக்கு, வெறும் "நோ" பொத்தானுக்குப் பதிலாக "நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்" என்ற பொருளில் ஒரு வாசகத்தைக் காட்டுவதை நெறிமுறைகளே உதாரணமாகச் சொல்கின்றன. வேண்டாம் என்று சொன்னதற்கு நம்மைக் கூனிக்குறுக வைக்கும் வேலை! கேட்காத பொருளையோ கட்டணத்தையோ கூடையில் சேர்ப்பது 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்'. கடைசிப் பக்கத்தில் மட்டும் விலை ஏறுவது 'டிரிப் பிரைசிங்'. சொட்டுச் சொட்டாகக் கூடுவதால் அந்தப் பெயர். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டங்களை உங்கள் சம்மதமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளும் சொல்கின்றன.

சின்னச் சொல்லான "அப் டு"வை மறந்துவிடாதீர்கள். "அப் டு 70 சதவீதம் ஆஃப்" என்றால் ஏதோ ஒரு பொருளுக்கு 70. நீங்கள் எடுத்ததற்கு 5 ஆகவும் இருக்கலாம்.

பணச் சொற்களில்தான் வீட்டுக்கு வீடு குழப்பம்.

"அண்ணே, நோ காஸ்ட் இஎம்ஐன்னு போட்டிருக்கு. செலவே இல்லைனுதானே?"

"இல்ல கண்ணு, வட்டி இல்லைங்கறாங்க. மத்ததைச் சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, கீழ இறக்கிப் பாரு."

அண்ணன் சொல்வது சரி. உதாரணத்துக்கு, 12,000 ரூபாய் போனை மாதம் 2,000 வீதம் ஆறு மாதத்தில் கட்டலாம் என்கிறார்கள். 'பிராசஸிங் ஃபீ' 199 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தால், அதுவே சுமார் 235 ரூபாய். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போனால், அதுவும் செலவுதான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. போன் செயலி வழியாகக் கடன் வாங்கினால் 'கூலிங் ஆஃப் பீரியட்' என்ற சொல்லைத் தேடுங்கள். சூடு ஆறும் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். அது ஒரு நாளுக்குக் குறையக் கூடாது. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் கடனிலிருந்து வெளியே வரலாம்.

பொருளுக்கு இந்த வசதி தானாகக் கிடைக்காது. மனம் மாறினால் திருப்பித் தரும் உரிமை நம் சட்டத்தில் பொதுவாக இல்லை. கடையின் 'ரிட்டர்ன் பாலிசி'யைப் பொறுத்தது. 'ரீப்ளேஸ்மென்ட் ஒன்லி' என்றால் வேறு பொருள் தருவார்கள், பணம் வராது. 'ரீஃபண்ட்' என்ற சொல் இருந்தால்தான் பணம். பழுதான பொருள் விஷயம் வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். எனவே 'டிஃபெக்டிவ்' என்ற சொல்லை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். "ஐ டோன்ட் லைக் இட்" என்பதற்கும் "இட் இஸ் டிஃபெக்டிவ்" என்பதற்கும் சட்டத்தில் மலையேற்ற தூரம். உண்மையில் பழுதிருந்தால் மட்டும் சொல்லுங்கள். பிரிக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

வாடிக்கையாளர் சேவையோடு பேச இரண்டு வாக்கியம் போதும். "ஐ வாண்ட் எ ரீஃபண்ட்." "ப்ளீஸ் கிவ் மீ தி கம்ப்ளெய்ன்ட் நம்பர்." கத்தத் தேவையில்லை, அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பொருளே அல்லாமல் மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. அடுத்த படி நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மலை இறங்க முடியாதவர்கள் இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.